அக்கா விழவில்லை

அமுதா, ராகுல்,

போன ஞாயிற்றுக்கிழமை கௌதமி அக்கா சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அவளுடைய இடது கை ஏன் முழுசாகத் திரும்ப மாட்டேன் என்கிறது என்று அமுதா கேட்டாய். "அக்கா பாத்ரூம்ல விழுந்துச்சில்ல, அப்ப முறிஞ்சது" என்று ராகுல் பதில் சொன்னாய். அக்கா மாவைப் பார்த்தபடியே இருந்தாள். ஸ்டெல்லா அக்கா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

ஐந்து வருஷமாக உங்களை நம்பவைத்த பொய் அது. அக்கா விழவில்லை. நான் அடித்தேன்.

இதை வாயால் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. பேசினால் பாதியில் நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். எழுதினால், மாற்றினாலும் மாற்றிய இடம் தெரியும். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் அமுதா திருத்திப் படித்துக்கொள். நடந்ததை மட்டும் திருத்தாதே.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பழைய மெட்ராஸ் ரோட்டில் பிரஸ் ஷாப், தகடு வெட்டி வளைக்கிற இடம். கை உள்ளே போகாமல் இருக்க ஒவ்வொரு பிரஸ்ஸுக்கு முன்னாலும் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று கழற்றி மூலையில் சாத்திவைத்துவிடுவார்கள். அப்படி ஒருநாள் முனிரத்தினம் என்பவருக்கு இரண்டு விரல் போனது. தகடு வெட்டும் சத்தம்தான் கேட்டது, வேறு எதுவும் வித்தியாசமாக இல்லை. தட்டிலிருந்து விரல்களை எடுத்து, எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணியில் சுற்றிக் கொடுத்தவன் நான். அன்று சாயங்காலம் விபத்துப் புத்தகத்தில் 'தவறிக் கீழே விழுந்தார்' என்று எழுதியவனும் நான். தடுப்பு இல்லை என்று எழுதினால் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவார், பிரஸ் நிற்கும். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மேஸ்திரி ஆன நாளிலிருந்து அந்தப் புத்தகம் என்னிடம்தான். பதினோரு வருஷத்தில் அதில் எத்தனையோ பேர் விழுந்திருக்கிறார்கள். ஒருவரைக்கூட எதுவும் நசுக்கவில்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

கௌதமி அப்போது எக்ஸ்போர்ட் கார்மெண்ட்ஸில் தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கர். பிரேசர் டவுன் ஸ்டெல்லாவும் அதே டேபிளில் வேலை. வாணியம்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் படம் காட்டினேன். அவள் படத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"எனக்குக் கல்யாணம் வேணாம்ப்பா. நான் ஸ்டெல்லாகூட இருக்கப்போறேன்."

"கல்யாணம் ஆனா ஃப்ரெண்டு எங்க ஓடியா போயிடுவா? நம்ம வீட்டுக்கு வரட்டும், போகட்டும்."

"ஃப்ரெண்டு இல்லப்பா. நீங்களும் அம்மாவும் மாதிரி."

இவ்வளவுதான் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை. நான் இடுப்பு பெல்ட்டைக் கழற்றினேன். முதுகில் எத்தனை விழுந்தது என்று எனக்குத் தெரியாது. உங்கள் அம்மா உங்கள் இருவரையும் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அது உங்களுக்கு நினைவிருக்கலாம். பாம்பு வந்துவிட்டது என்று அன்றைக்குச் சொன்னோம்.

மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினேன். உள் அறையில் வைத்து வெளியே கொண்டி போட்டேன். அக்காவுக்கு அம்மை, கிட்டே போகாதீர்கள் என்று உங்களிடம் சொன்னோம். ஒரு மாதம். முதல் வாரம் கதவைத் தட்டினாள். இரண்டாவது வாரம் தட்டவில்லை. மூன்றாவது வாரம் தட்டில் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. "பேச்சே இல்லீங்க, கண்ணு எங்கியோ நிக்குது" என்று உங்கள் அம்மா சொன்னாள். திமிர் அடங்குகிறது என்று நான் நினைத்தேன். ஒரு நோய் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தது. அதை நான் பணிவு என்று எண்ணிச் சந்தோஷப்பட்டேன்.

வாணியம்பாடிக்காரர்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் பக்கத்து வீட்டில் டிவியில் படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கொண்டியை எடுத்து, காபி கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டோம். கௌதமி வந்தாள். தலைமுடியைத் துணி வெட்டும் கத்தரியால் காதுக்கு மேலே ஒட்ட வெட்டியிருந்தாள். அங்கங்கே தோல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. பையனுடைய அம்மா காபியைத் தொடாமலே எழுந்தாள். "பைத்தியத்தையா எங்க தலையில கட்டப் பாத்தீங்க?" என்றாள். செருப்பு மாட்டும் சத்தம். பிறகு யாரும் இல்லை.

ராகுல், உன் கிரிக்கெட் மட்டை திருடு போகவில்லை. அது கதவு மூலையில் இருந்தது.

முதல் அடிக்கு அவள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். எலும்பு முறிகிற சத்தத்தைக் கேட்டேன். அத்தனை வருஷம் இரும்போடு வேலை செய்தவனுக்கு எது முறிகிறது என்று சத்தத்திலேயே தெரியும். தெரிந்தும் இரண்டாவது தடவை ஓங்கினேன். அது தலையில் பட்டது. மூன்றாவது, நடுவில் வந்து விழுந்த உங்கள் அம்மாவின் தோளில். அவள் கத்தியதில்தான் என் கை நின்றது. கௌதமி ஒரு சத்தமும் போடவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்து, கண் திறந்தபடி இருந்தாள்.

ஆட்டோவில் வேட்டியைக் கிழித்து அவள் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டர். "எப்படி ஆச்சு?" என்றார்.

"பாத்ரூம்ல விழுந்துட்டா சார்."

யோசிக்கவே இல்லை. புத்தகத்தில் எழுதுகிற மாதிரி வந்தது.

அவர் முதுகுப்பக்கம் சட்டையை விலக்கிப் பார்த்தார். பெல்ட் பட்ட இடமெல்லாம் கறுத்துத் தழும்பாகிப் போயிருந்தது. "இது பழசா இருக்கே. முன்னாடியும் விழுந்திருக்காளா?"

"அடிக்கடி விழுவா சார்."

"விழும்போது கை கால் இழுக்குமா? நினைவு தப்புமா?"

இன்ஸ்பெக்டர்களும் இப்படித்தான் கேட்பார்கள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துத் தருவார்கள். நாம் தலையை ஆட்டினால் போதும். "இழுக்கும் சார்" என்றேன்.

இப்படித்தான் உங்கள் அக்காவுக்கு வலிப்பு நோய் வந்தது. என் வாயிலிருந்து வந்தது.

மறுநாளே உங்களைக் கேஜிஎஃப் அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். அத்தையிடமும் பாத்ரூம்தான் சொன்னேன்.

கைக்கு மாவுக்கட்டு. தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய வளையத்துக்குள் தலையை வைத்துத் துண்டு துண்டாகப் படம் பிடிப்பார்கள். வலிக்காது. நல்லவேளை, ரத்தம் இல்லை. பிறகு இன்னொரு சோதனை. நம் மூளையில் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்குமாம். அது தாறுமாறாக ஓடினால் கை கால் வெட்டி இழுக்கும், அதுதான் வலிப்பு. தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டி, அந்த ஓட்டத்தைக் காகிதத்தில் கோடு கோடாக எடுக்கிறார்கள். கோடுகள் சரியாகத்தான் இருந்தன.

"அப்ப வலிப்பு இல்லீங்களா சார்?" என்று கேட்டேன். மனசுக்குள் ஓர் ஆசை, டாக்டரே கண்டுபிடித்துவிட மாட்டாரா என்று.

"அப்படிச் சொல்ல முடியாது. இதுல தெரியாமலும் இருக்கும். வலிப்பைப் பொறுத்தவரைக்கும் கூட இருந்து பார்த்தவங்க சொல்றதுதான் முக்கியம். நீங்கதான் பார்த்திருக்கீங்களே" என்றார்.

வலிப்பு மாத்திரை ஆரம்பித்தது. கௌதமியிடமும் கேட்டார்கள். அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை நாள் ஆகியும் பேசவில்லை. தண்ணீர்கூட வாயிலிருந்து வழிந்தது. அதனால் எலும்பு வார்டிலிருந்து மனநோய் வார்டுக்கு மாற்றினார்கள்.

அங்கே பெண்கள் வார்டுக்கு இரும்பு கேட்டு. நோயாளியோடு வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தே ஆகவேண்டும், ஆண்கள் பார்வை நேரத்தில் மட்டும் போகலாம். உங்கள் அம்மா மூன்று நாள் இருந்தாள். அவளால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அக்காவைத் திருப்பிப் படுக்கவைக்கக்கூட முடியவில்லை. யார் அடித்த அடியால் முடியவில்லை என்று இப்போது உங்களுக்கே தெரியும். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்ணைக் கட்டிலோடு கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அவள் தலையைக் கம்பியில் மோதிக்கொண்டே இருப்பாள். ஆயா ஓடிவந்து தலையணையை நடுவில் வைப்பாள். டங்கு டங்கு என்று கேட்கும் அந்தச் சத்தம், எங்கள் ஷாப்பில் சின்ன பிரஸ் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

நான்காம் நாள் நான் கேட்டுக்கு வெளியே நிற்கும்போது ஸ்டெல்லா வந்தாள். கையில் டிபன் கேரியர். உங்கள் துரை மாமா என்னோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் பாய்ந்தான்.

"யாருடி உன்னை வரச்சொன்னது? எங்க வூட்டுப் பொண்ணைக் கெடுத்து, இங்க கொண்டாந்து போட்டது பத்தாதா?"

"உங்க அக்காதான் போன் பண்ணாங்க" என்றாள் அவள்.

மாமா புறங்கையால் வாயில் அடித்தான். மோதிரம் பட்டு உதடு கிழிந்தது. கேரியர் கீழே விழுந்து கஞ்சி சிமெண்டுத் தரையில் ஓடியது. நான் சும்மா நின்றேன். அவள் குனிந்து, உருண்ட மூடியை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்து மூடினாள். அடித்தட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கேட்டுக்குள் நின்று உங்கள் அம்மா சொன்னாள்: "உள்ள வாம்மா. துரை, நீ வீட்டுக்குப் போடா. உன் மச்சான் ஒருத்தர் அடிச்சதே எங்களுக்குப் போதும்." பூத்துக்குப் போய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டது அவள்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து ஸ்டெல்லா உள்ளே, நாங்கள் வெளியே. கார்மெண்ட்ஸில் லீவு கொடுக்கவில்லை, வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். ஸ்பூனில் கஞ்சி கொடுப்பாள். வாயை மூடிக்கொண்டால் அரை மணி நேரம் அப்படியே ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "கை வலிக்குதுடி, எனக்காகவாவது தொற" என்பாள். கௌதமி வாய் திறப்பாள். நான் சத்தம் போட்டு, கதவைப் பூட்டி ஒரு மாதம் செய்ய முடியாததை அவள் ஒரு ஸ்பூனை வைத்துச் செய்தாள்.

மாத்திரை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். பார்வை நேரத்தில் உள்ளே போனால் என் பெண்ணை எனக்கே அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, உதட்டில் கொப்புளம், கொதிக்கிற காய்ச்சல். வலிப்பு மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அப்படி ஆனால் தோலே உரிந்து வந்துவிடும், உயிருக்கும் ஆபத்து என்றார்கள். மாத்திரையை நிறுத்தினார்கள். பெரிய டாக்டரம்மா, கன்னடக்காரர், என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"இந்த மாத்திரை இனி ஆகாது. ஆனா எதுவும் கொடுக்கலேன்னா மறுபடி ஃபிட்ஸ் வரும். வேற ஒண்ணு ஆரம்பிக்கணும். அதுவும் இதே மாதிரி ஒத்துக்காம போகலாம். அதான் கேக்கறேன். கடைசியா எப்ப இழுத்துச்சு? மாசத்துக்கு எத்தனை தடவை?"

"யோசிச்சுச் சொல்றேங்க" என்று வெளியே வந்தேன்.

துரை மாமா காத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். "மச்சான், வாயத் தொறக்காதீங்க. அடிச்சேன்னு சொன்னா போலீசுக்கு எழுதுவாங்க. வேலை பூடும். சின்னது ரெண்டு இருக்கு. மாசத்துக்கு ஒருவாட்டி இழுக்கும்னு சொல்லிட்டு வாங்க, அவ்வளவுதான?" என்றான். கரண்ட் வைத்து இந்த மாதிரிப் பெண்களை 'மாற்றிக் கொடுக்கிற' ஒரு தனியார் டாக்டர் இருப்பதாகவும், இங்கிருந்து விட்டதும் நேரே அங்கே போய்விடலாம் என்றும் சொன்னான்.

கேட்டருகே ஸ்டெல்லா நின்றிருந்தாள். உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை.

"அங்கிள், அவளுக்கு ஃபிட்ஸ் இல்ல. மூணு வருஷமா ஒரே டேபிள்ல வேலை செய்றோம், ஒருநாள் தலை சுத்திக்கூட உக்காந்ததில்ல. நான் சிஸ்டர்கிட்டச் சொன்னேன். 'நீ யாரு, அப்பா சொல்லட்டும்'னாங்க. டாக்டர்கிட்டப் போனேன், அவங்களும் அதேதான். நான் சொன்னா எடுபடாது அங்கிள். நீங்க சொன்னாதான் எடுபடும்."

வார்டு ஆயா கேட்டைப் பூட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, "சுள்ளு ஹேளபேடப்பா" என்றாள். பொய் சொல்லாதேப்பா என்று அர்த்தம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முதுகு துடைத்துவிடுகிறவள் அவள்தானே.

ஞாயிறுதோறும் புத்தர் படத்துக்கு முன்னால் உங்களை உட்காரவைத்துப் பஞ்சசீலம் சொல்லித்தருகிறேன். உயிரைத் துன்புறுத்த மாட்டேன் என்பது முதலாவது. பொய் பேச மாட்டேன் என்பது நான்காவது. முதலாவதை உடைத்தாகிவிட்டது. நான்காவதை உடைத்து அதற்கு மூடி போட்டேன். இப்போது அந்த மூடி என் பெண்ணின் தோலை உரித்துக்கொண்டிருந்தது.

திரும்பி டாக்டரம்மா அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

"அவ விழல மேடம். ஒருதரம்கூட விழல. இழுப்பும் கிடையாது. நான் அடிச்சேன். முதுகில இருக்கறதும் நான்தான், கையும் நான்தான்."

பேனா நின்றது. "எதுக்கு?" என்றார். சொன்னேன். ஒரு மாதம் பூட்டி வைத்ததையும் சொன்னேன். கடைசியில், வெட்கத்தை விட்டு, "அந்த வியாதிக்கு மருந்து இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"எந்த வியாதி?"

"பொண்ணு மேல பொண்ணு..."

"அது வியாதி இல்ல. அதனால மருந்தும் இல்ல. மாத்தித் தரேன்னு யாராவது சொன்னா, அது மருத்துவம் இல்ல, நீங்க மட்டையால செஞ்சதை அவங்க கரண்டால செய்வாங்க. உங்க பொண்ணுக்கு இருக்கறது மனச்சோர்வு. ஆசைப்பட்டதுக்காக வரல. அடிச்சுப் பூட்டி வச்சதுக்கு வந்தது. மனசு உள்ள போயி ஒளிஞ்சுக்கும். சாப்பாடு, பேச்சு எல்லாம் நின்னுடும். விட்டா உயிர்மேல ஆசையும் போயிடும். அதுக்கு மருந்து உண்டு. வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். ஆனா அடி நிக்காம எந்த மருந்தும் ஏறாது."

ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இப்ப சொன்னதை உங்க கையெழுத்துல எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க."

பதினோரு வருஷம் எழுதிய கைதான். முதல் வரி வர வெகுநேரம் ஆயிற்று. 'என் மகள் கௌதமி விழவில்லை' என்று ஆரம்பித்தேன்.

போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் கான்ஸ்டபிள், நடு வயசுக்காரர், தமிழ் தெரிந்தவர். அதற்குள் நாலைந்து நாள் ஆகித் தடிப்பு வடியத் தொடங்கியிருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"யாரும்மா அடிச்சது?"

"அப்பா" என்றாள். ஏறக்குறைய நாற்பது நாளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் வார்த்தை.

"கம்ப்ளைண்ட் குடுக்கிறியா?"

"அவர் எழுதுனதைப் படிங்க."

அவர் படித்தார். என் எழுத்தை இன்னொருவர் குரலில் கேட்டபடி நின்றேன். மட்டை என்ற இடத்தில் அவள் கண்ணை மூடினாள். பிறகு திறந்தாள்.

"கேஸ் வேணாம். பசங்க இருக்காங்க. நான் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன். அதை எழுதிக்குங்க."

உங்கள் இருவருக்காகத்தான் நான் ஜெயிலுக்குப் போகவில்லை. என்னை மன்னித்ததால் அல்ல.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இருபத்தாறாம் நாள் வெளியே அனுப்பினார்கள். நோயாளியை யாரிடம் ஒப்படைக்கிறோம், என்ன உறவு என்று ஒரு தாளில் அப்பா எழுதிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். ஸ்டெல்லா பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் கை நின்றது. "அக்கான்னு போட்டுக் குடுப்பா, யார் பாக்கப்போறா" என்றார் கிளார்க். சுலபமாகத்தான் இருந்தது. வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கௌதமியின் குட்டை முடியை ஸ்டெல்லா விரலாலேயே வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். 'சேர்ந்து வாழ்பவர்' என்று எழுதிக் கொடுத்தேன். கிளார்க் அதைப் படிக்காமலே முத்திரை குத்தினார்.

வேலைக்குத் திரும்பியதும் விபத்துப் புத்தகத்தை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டேன். இனி நடந்ததைத்தான் எழுதுவேன் என்றேன். வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். மேஸ்திரி பதவியும் போனது. ஏன் அப்பா மறுபடி மெஷினில் நிற்கிறார் என்று கேட்டீர்களே, அது இதுதான்.

அக்கா ஒன்றரை வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். நடுவில் இரண்டு தடவை மறுபடி பேச்சு நின்றது. இரண்டு தடவையும் ஸ்டெல்லாதான் ஸ்பூனைப் பிடித்தாள். இப்போது இருவரும் பிரேசர் டவுனில் தையல் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அவர்களைப் பற்றித் தெருவில் யாராவது ஏதாவது சொன்னால், உங்களிடம் வந்து சிரித்தால், அக்காவுக்கு நோய் வந்தது உண்மை, அதைக் கொடுத்தது எங்கள் அப்பா என்று சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ராகுல், உன் மட்டை சமையலறைப் பரணில், சாக்குக்குள் இருக்கிறது. எரிக்கவும் மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. இனி அதை என்ன செய்வது என்று நீ அக்காவைக் கேட்டுச் செய்.

அமுதா இன்னொன்றும் கேட்டாய். அக்கா வீட்டுக்குப் போனால் மட்டும் அப்பா ஏன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார், ஏன் அங்கே பேப்பர்கூடப் படிக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்று. நான் கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினால், அக்காவின் இடது கை தானாகத் தலைக்கு மேலே போகிறது. அவள் வேண்டுமென்று செய்வதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், சிரித்துக்கொண்டுகூட இருப்பாள், கை மட்டும் போகும். முறிந்த கை என்பதால் பாதி வரைக்கும்தான் போகும்.

அதனால் வாசலிலேயே கழற்றிவிடுகிறேன்.